எதிரணி என்ன சொன்னது?

திண்டுக்கல்லில் எந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறைக்குள் போனாலும் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். உள்ளே வாலிபால், கபடிக் கோப்பைகளுக்கு நடுவே பேச்சுப் போட்டிக் கேடயங்களும் நிற்கும். மரப்பலகையில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடு அடித்து, ஒவ்வொரு தகட்டிலும் ஓர் ஆண்டும் வென்ற பள்ளியின் பெயரும் பொறித்த சுழற்கேடயம் என்றால் அதற்குத் தனி மரியாதை. மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றால் கேடயம் அந்தப் பள்ளிக்கே சொந்தம் என்று சில போட்டிகளில் விதி உண்டு. இரண்டு ஆண்டு வென்றுவிட்ட பள்ளியில் மூன்றாம் ஆண்டு தமிழாசிரியருக்குத் தூக்கம் வராது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப்பட்ட தமிழாசிரியராக இருந்தவன். ஓய்வுபெற்று பேகம்பூரில் வீட்டோடு இருக்கிற இந்த நாட்களிலும், ஆடி பிறந்தால் போதும், 'அய்யா, நடுவராக வரணும்' என்று ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிடும். இந்த வலைப்பூவைப் படிக்கிற நண்பர்களில் பலருக்கும் இந்த அழைப்பு வந்திருக்கும். போகிறோம், கேட்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், சால்வை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்தப் பிள்ளைகள் வென்றது எதை என்று ஒரு நாளாவது யோசித்தோமா? அதைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

நம் ஊருக்குப் பேச்சு புதிதல்ல. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் பள்ளிவாசலை ஒட்டி வளர்ந்தது எங்கள் பேகம்பூர். பெயரும் அந்த பேகத்தால் வந்ததுதான். தோல் ஷாப்பும் பூட்டுப் பட்டறையும் புகையிலைக் கிட்டங்கியும் நிறைந்த ஊர். உழைத்துக் களைத்த சனத்துக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு மேடைதான். மீலாது மேடை, மாரியம்மன் கோயில் திருவிழா மேடை, கட்சி மேடை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூன்றையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

1973 மே மாதத்து இடைத்தேர்தல் எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 1972 அக்டோபரில் தொடங்கிய அ.தி.மு.க. தன் முதல் வெற்றியைப் பெற்றது இந்தத் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில்தான். மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் ஜெயித்தார், காமராசரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவது, ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது. அந்த வாரங்களில் ஊரில் மைக் ஓயவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த காலம். முதல் நாள் ஒரு தெருமுனையில் ஒருவர் சொன்னதற்கு மறுநாள் இன்னொரு தெருமுனையில் பதில் வரும். இரண்டையும் கேட்டுவிட்டு, 'நேத்து அவர் சொன்ன கணக்குக்கு இவர் பதிலே சொல்லலியேப்பா' என்று டீக்கடையில் நியாயம் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்தான் அதில் முன்னால் நிற்பார்கள். நாங்கள் பையன்கள் பள்ளி இடைவேளையில் அந்தப் பேச்சாளர்களின் கையசைவையும் குரலையும் போல நடித்துக் காட்டுவோம். இன்று நினைத்துப் பார்த்தால் தெரிகிறது: நாங்கள் எடுத்துக்கொண்டது குரலை மட்டும். டீக்கடைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டது கேள்வியை.

பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியும் அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டது. போட்டி எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன் தலைப்பு வரும். 'காமராசரின் கல்விப் பணி', 'பாரதி கண்ட புதுமைப் பெண்' இப்படி. தமிழாசிரியரோ, அப்பாவோ, தெரிந்த பேச்சாளர் மாமாவோ நான்கு பக்கம் எழுதித் தருவார்கள். பிள்ளை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்யும். எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலை இறக்குவது என்று எல்லாம் பழக்கி, ஐந்து நிமிடத்துக்கு அளந்து வைப்போம். நான்காம் நிமிடம் எச்சரிக்கை மணி, ஐந்தாம் நிமிடம் முடிப்பு மணி. நடுவில் ஒரு வரி மறந்துபோனால் பிள்ளைக்கு அந்த வரி மட்டும் திரும்ப வராது. 'அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்' என்று ஆதியிலிருந்து தொடங்கினால்தான் வண்டி நகரும். ஒரே பேச்சில் பெயரை மட்டும் மாற்றி, காமராசர் விழாவுக்கும் காந்தி விழாவுக்கும் பேசி இரண்டிலும் பரிசு வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

இதை இளக்காரமாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மனப்பாடப் பேச்சுக்கும் ஒரு பயன் உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, சௌராஷ்டிரம் பேசும் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அவர்களுக்கு லகர, ளகர, ழகரம் திருந்தியது இந்த மேடையில்தான். முன்னூறு பேருக்கு முன்னால் நின்றால் முட்டி நடுங்குமே, அது நின்றதும் இங்கேதான். திருக்குறளில் 'அவை அஞ்சாமை' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே. ஏழைப் பிள்ளைக்கு அந்த அஞ்சாமையைச் செலவில்லாமல் கொடுத்தது பள்ளிக்கூட இலக்கிய மன்றம். அரசும் சும்மா இருக்கவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி நடத்தி முதல் பரிசு 10,000 ரூபாய், இரண்டாம் பரிசு 7,000, மூன்றாம் பரிசு 5,000 என்று கொடுத்து வருகிறது. தலைவர்களின் பிறந்தநாள் பேச்சுப் போட்டிகளுக்குத் தனிப் பரிசுகள் உண்டு. கூலி வேலைக்குப் போகிற தாயின் கையில் அந்தக் காசோலை போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவை அஞ்சாமைக்கு முன்னாலேயே வள்ளுவர் 'அவையறிதல்' என்று இன்னோர் அதிகாரம் வைத்திருக்கிறார். முதலில் எதிரே இருப்பவரை அறிய வேண்டும். அப்புறம்தான் அஞ்சாமல் பேசுவது. நம் போட்டிகளில் இரண்டாவது இருக்கிறது, முதலாவது இல்லை. எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும், முன்னால் பேசியவன் என்ன சொல்லியிருந்தாலும், நம் பிள்ளையின் ஐந்து நிமிடம் ஒரு எழுத்துக்கூட மாறாது.

தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு பழைய மரபு உண்டு. அதற்கு வாது என்று பெயர். 'பட்டிமண்டபம்' என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசு அறைகிறவன், வாதத்தில் வல்லவர்களைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறான். அதையொட்டி இன்னொன்றும் சொல்கிறான்: ஒத்துவராதவர்களோடு என்றாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்கிறான். வாதத்துக்கு அழைக்கிற அதே அறிவிப்பில் சண்டை வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. அந்தக் காப்பியத்தின் பின்பகுதியில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அந்தப் பகுதிக்குத் தலைப்பே 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. 'கேட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். பேசிய காதை என்று வைக்கவில்லை.

குண்டலகேசியின் கதையும் அப்படித்தான். ஊர் எல்லையில் நாவல் மரக்கிளையை நட்டு வைப்பாள். வாதுக்கு வர விரும்புகிறவர் அதைப் பிடுங்கி எறியலாம். கடைசியில் ஒரு வாதத்தில் தோற்று, வென்றவர் நெறியையே ஏற்றுக்கொண்டாள் என்கிறது கதை. தோற்றதால் அவள் பெயர் கெடவில்லை. காப்பியமே அவள் பெயரில் அமைந்தது. அந்தப் பௌத்தக் காப்பியம் இன்று சில பாடல்களாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதை மறுத்து எழுந்த சமண நூலான நீலகேசியில் 'குண்டலகேசி வாதச் சருக்கம்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. மறுக்க வந்த நூலும் எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்லித்தான் மறுக்கிறது.

இந்த மரபு அறுந்துவிடவும் இல்லை. 1943இல் அண்ணா, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்ற தம் தரப்பை வாதிட இரண்டு மேடை ஏறினார். சென்னைச் சட்டக் கல்லூரியில் எதிர்த்தரப்பு சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை. சேலத்தில் எதிர்த்தரப்பு நாவலர் சோமசுந்தர பாரதியார். யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். அதை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஊரையே இரண்டாக்குகிற ஒரு விஷயத்தை, இரண்டு தரப்பும் ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர் காதுகொடுத்துப் பேசினார்கள். 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அது நூலாகவும் வந்தது. அதற்குப் பிறகு, 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளாரும் பட்டிமன்றத்தை மக்கள் மேடையாக்கினார்கள். சாலமன் பாப்பையா அதைத் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர் லியோனி பள்ளி ஆசிரியராக இருந்து பட்டிமன்ற மேடைக்குப் போனவர். திண்டுக்கல் என்ற பெயரையும் தன் பெயருக்கு முன்னால் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்.

பட்டிமன்றம் வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் பொங்கல், தீபாவளிப் பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பதும், எந்த நகைச்சுவைக்கு யார் சிரிக்க வேண்டும் என்பதும் பாதி முன்பே தீர்ந்துவிடுகிறது. கடைசியில் நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் என்று ஒரு கதை சொல்லி முடித்து வைப்பார். கேட்கச் சுகமாக இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு மட்டும், எதிரணியின் வார்த்தை தன்னை அசைக்கலாம் என்ற பயம் வருவதில்லை. அந்தப் பயம் வராமல் வாதம் வராது.

எனக்கு இது புரிந்தது 1996–97 பள்ளியாண்டில். அப்போது நம் மாவட்டத்துக்குத் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர். நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு சங்கத்தார் பள்ளிகளுக்கிடையே வாதப் போட்டி அறிவித்தார்கள். அணிக்கு மூன்று பேர். தலைப்பு, 'தொழிற்சாலைகளால் நம் ஊருக்கு விளைந்தது நன்மையா, தீமையா?' எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்பதைப் போட்டி நாளன்று மேடையில் காசு சுண்டித்தான் சொல்வார்கள். ஆக இரண்டு பக்கத்துக்கும் தயாராக வேண்டும். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கிற என் வழக்கம் இங்கே செல்லாது.

பொதுவான தலைப்பு போலத்தான் இருக்கும். ஆனால் திண்டுக்கல்லில் தொழிற்சாலை என்றால் முதலில் தோல் ஷாப். அது வெறும் போட்டித் தலைப்பாக இருக்கவில்லை. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் குறித்துப் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொல்லியிருந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். வடஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டுப் பக்கத்து மாவட்டங்களோடு நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதியும் அனுமதியும் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. பேகம்பூரில் அந்த மாதங்களில் எந்த வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சு. ஷாப்பை மூடிவிட்டால் அடுப்பு எரியாது என்று ஒரு பக்கம். ஷாப் தண்ணி இறங்கிக் கிணறு போச்சு, தென்னை போச்சு என்று சுற்றுக் கிராமத்துக்காரர்கள் இன்னொரு பக்கம்.

என் அணியில் இருந்த பையன் ஒருவனின் தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை. அணியில் இருந்த பெண்ணின் வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள்; கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போய்க் குடிக்க ஆகாமல் குடம் தூக்குகிறவர்கள். மூன்றாவது பையனின் அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை. முதல் நாள் பயிற்சியில் பையன் நன்மை என்றும் அந்தப் பெண் தீமை என்றும் பேசினார்கள். இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பேசினார்கள், கண்ணில் நீர் வரப் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்னது ஒருவர் காதில் விழவில்லை. மறுநாள் பக்கத்தை மாற்றிவிட்டேன்.

பையன் எழுந்து நின்றுகொண்டான். "அய்யா, எங்க அத்தா அந்தச் சம்பளத்துலதான் எனக்கு இந்தச் சட்டை எடுத்துக் குடுத்திருக்காக. அது தப்புன்னு நான் எப்படி அய்யா பேசுறது?"

"அத்தா தப்புன்னு பேசச் சொல்லலை தம்பி. இவங்க ஊருக் கெணத்தைப் பாத்துட்டு வந்து, பாத்ததைப் பேசு" என்றேன்.

அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். "நீ பேகம்பூருக்குப் போயி, ஷாப்புக்கு வேலைக்குப் போற வீட்டுப் பொம்பளைங்ககிட்ட உக்காந்து பேசிட்டு வாம்மா. இந்த வேலை இல்லேன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளு."

பையன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்க் கிணற்றைப் பார்த்தான். தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினானாம். ஆனால் அவன் பேச்சை மாற்றியது கிணறு மட்டுமில்லை. அன்று ராத்திரி வீட்டில் அவன் அத்தா, "தீமைன்னு என்ன பேசப்போற, சொல்லு கேப்போம்" என்று கேட்டிருக்கிறார். பையன் பயந்துகொண்டே சொல்லியிருக்கிறான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ தண்ணியை மட்டும் சொல்ற. அதுல நிக்கிறவன் காலைச் சொல்லலியே" என்றாராம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று விரலிடுக்கு வெந்துபோவது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்துக்கும் குரோமிய உப்பு வந்த பிறகும் உள்ள வித்தியாசம், மழைக்காலத்தில் தோல் அடியில் வைத்துக்கொள்ளும் துணி. அத்தனை வருடத்தில் அவர் அதைப் பிள்ளையிடம் பேசியதே இல்லை. பிள்ளையும் கேட்டதில்லை. எதிர்ப்பக்கம் பேசவேண்டி வந்ததால்தான் தன் வீட்டுக் கதையே அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் பேகம்பூரிலிருந்து வேறு மாதிரி திரும்பினாள். ஷாப் மூடியிருந்த நாட்களில் காதுத் தோடு சேட்டுக் கடைக்குப் போன கதையைக் கேட்டிருக்கிறாள். "அய்யா, அவங்க வீட்டுலயும் குடிக்கிற தண்ணியை வெல குடுத்துத்தான் அய்யா வாங்குறாங்க" என்றாள். அதுவரை ஷாப்புக்காரர்கள் என்றால் அவளுக்கு ஒரே ஆள்தான். முதலாளி வேறு, தொட்டியில் நிற்கிறவர் வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போட்டி நாளில் காசு சுண்டியதில் எங்களுக்கு 'நன்மை' விழுந்தது. அந்தப் பெண்தான் முதல் பேச்சு. எங்கள் கிணறு கெட்டதை எதிரணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். கிணற்றைக் கெடுத்தது வேலை இல்லை, சுத்தம் செய்யாமல் விட்ட தண்ணீர். நீதிமன்றம் கேட்பதும் தொழிலை அழிப்பதற்கில்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக நடத்துவதற்குத்தான். மூடினால் கிணறும் உடனே திரும்பாது, வேலையும் திரும்பாது என்றாள். பையன் இரண்டாவதாகப் பேசினான். எதிரணி பேசியதைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, "நீங்கள் மூன்று சொன்னீர்கள், அதில் ஒன்று சரி" என்று தொடங்கினான். அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பில்லை அது. போட்டியில் யாரும் எதிரணி சொன்னது சரி என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

எங்களுக்கு இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற அணி இடிமுழக்கமாகப் பேசியது. இரண்டு பக்கத்துக்கும் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு. எங்கள் பிள்ளைகளுக்குக் குரல் வளம் போதவில்லை என்று ஒரு நடுவர் குறிப்பெழுதியிருந்தார். எனக்கு வருத்தம் இருந்தது, மறைப்பதற்கில்லை. பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. திரும்பும் பேருந்தில் அந்தப் பெண்ணும் பையனும் இன்னும் வாதாடிக்கொண்டே வந்தார்கள், அவரவர் உண்மையான பக்கத்தில் நின்று. ஆனால் இப்போது 'நீ சொல்றது சரி, ஆனா' என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் இன்று எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதினால் அடையாளம் தெரிந்துவிடும். நன்றாக இருக்கிறார்கள். அது போதும்.

உலக அளவில் பள்ளிப் பிள்ளைகளின் வாதப் போட்டி ஒன்று 1988இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கி நடந்து வருகிறது. ஒவ்வொரு நாடும் ஓர் அணியை அனுப்பும். 2019இல் பாங்காக்கில் நடந்த போட்டியில் இந்திய அணி இறுதிச் சுற்றில் கனடாவை வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்தது. கிரிக்கெட் கோப்பை என்றால் தெருவெல்லாம் வெடி வெடித்திருப்போம். இது நம்மில் பலருக்குக் காதில்கூட விழவில்லை.

அந்தப் போட்டியின் விதிகளைப் படித்தபோது எனக்கு என் பழைய அணி நினைவுக்கு வந்தது. அணிக்கு மூன்று பேர் பேச வேண்டும். ஆளுக்கு 8 நிமிடம். தலைப்புகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே தருவார்கள். மற்றவற்றுக்குத் தயாரிக்க ஒரு மணி நேரம்தான். எந்தப் பக்கம் என்பதைப் பேச்சாளர் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் பேசும்போது, முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிரணி எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். கடைசியில் இரண்டு அணியும் 4 நிமிடத் தொகுப்புரை சொல்ல வேண்டும். நூறு மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, சொல்லும் முறைக்கு 40, எதற்கு எந்த இடத்தில் பதில் சொல்கிறோம் என்ற உத்திக்கு 20. குரலை அவர்கள் ஒதுக்கவில்லை. நாற்பதை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மனப்பாடம் செய்துவந்த பிள்ளை மிச்ச அறுபதைத் தொட முடியாது. நாவல் கிளை நட்ட காலத்து வாது, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

நான் நடுவராகப் போகிற இடங்களில் கையில் கொடுக்கிற மதிப்பெண் தாளைப் பாருங்கள். உச்சரிப்பு, மொழிநடை, கருத்துச் செறிவு, உடல்மொழி, நேரம். ஐந்தும் வேண்டியவைதான். எதிரே உள்ளவர் சொன்னதைக் கேட்டானா என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைப் பிள்ளை ஏன் பழக வேண்டும்? அதுவும் இப்போது பேச்சு எழுதித் தர மாமாகூட வேண்டாம். செல்போனில் தலைப்பைச் சொன்னால் அரை நிமிடத்தில் நான்கு பக்கம் வந்துவிடுகிறது. சமீபத்தில் ஒரு போட்டியில் வெவ்வேறு பள்ளியிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே பேச்சைப் பேசினார்கள். இரண்டாவது பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். பாவம், அந்தப் பிள்ளையிடம் இதைத் தவிர வேறு எதையும் நாம் கேட்டதில்லையே.

பெரியவர்களான நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. காலையில் எழுந்ததும் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு செய்தியை அனுப்புவார். இன்னொருவர் அதைப் படிக்காமலே அதற்கு எதிரான செய்தியை அனுப்புவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் சாதி, மதம், கட்சி என்று பிரிந்து குழுவை விட்டே வெளியேறுகிறார்கள். அவர்களில் பலர் அந்த நாளில் மேடையில் கேடயம் வாங்கியவர்கள். பேச நன்றாகத் தெரியும் அவர்களுக்கு. எதிரணி என்ன சொன்னது என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

இதை மாற்ற அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடுவராகப் போகிற நம் கையிலேயே கொஞ்சம் இருக்கிறது. நான் சில ஆண்டுகளாக மூன்று காரியம் செய்து வருகிறேன். அமைப்பாளர்களிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்வேன். ஒன்று, பிள்ளை பேசி முடித்ததும், பேச்சிலிருந்தே ஒரு சின்னக் கேள்வி கேட்பேன். பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தப் பதிலாக இருந்தால் மதிப்பெண் உண்டு. இரண்டு, வாதப் போட்டி என்றால் மறுப்பதற்கு முன், எதிரணி சொன்னதை இவர்கள் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். 'ஆமாம், நாங்கள் சொன்னது அதுதான்' என்று எதிரணி தலையாட்டிய பிறகுதான் மறுப்பு. மூன்று, பக்கத்தைக் குலுக்கலில்தான் கொடுக்கச் சொல்வேன். முதலில் பிள்ளைகள் திணறுகிறார்கள். அரங்கம் கொஞ்சம் அமைதியாகிவிடுகிறது. கைதட்டல் குறைகிறது. ஆனால் அடுத்த அணி பேசும்போது இந்த அணிப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்காமல் பேசுகிறவர் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அது போதும்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். பேரனோ பேத்தியோ, 'தாத்தா, நாளைக்குப் பேச்சுப் போட்டி, எழுதிக் குடுங்க' என்று நோட்டை நீட்டினால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கும் எழுதக் கை பரபரக்கத்தான் செய்யும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ எந்தப் பக்கம் பேசப்போற?" என்று கேளுங்கள். சொன்னதும், "அப்ப நான் மத்தப் பக்கம். வா, பேசலாம்" என்று எதிரே உட்காருங்கள். விட்டுக்கொடுத்துத் தோற்க வேண்டாம், நியாயமாகவே வாதாடுங்கள். பிள்ளை கோபப்படட்டும், அழட்டும், யோசிக்கட்டும். அடுக்களையிலிருந்து பாட்டி வந்து, "என்ன சத்தம் இங்க?" என்று கேட்டால், அவரையே நடுவராக உட்கார வையுங்கள்.